வெண்டைக்காய்ப் பூ போட்ட பொங்கல் வாழ்த்து

அன்பு மாணவர்களே, உறவுகளே,

போகிக்கு அலமாரியை ஒழித்தபோது நீங்கள் அனுப்பிய பழைய பொங்கல் வாழ்த்துகள் கிடைத்தன.

விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843இல் லண்டனில் ஹென்றி கோல் வெளியிட்டது. விலை ஒரு ஷில்லிங். ஏழைகளுக்கு எட்டாத விலை. அந்த வழக்கம் நம் பக்கம் பொங்கல் வாழ்த்தானது. கோவில்பட்டி கொண்டையராஜுவும் சீடர்களும் வரைந்த சாமிப் படங்களைக் காலண்டராக்கிய சிவகாசியிலிருந்து வாழ்த்து அட்டைகளும் கட்டுக்கட்டாக மதுரைக்கு வந்தன.

அதற்கும் காசில்லாத பிள்ளைகள் தாங்களே செய்தார்கள். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, வாட்டர் கலரில் தோய்த்து அழுத்தினால் ஐந்து இதழ்ப் பூ. காம்பும் இலையும் தூரிகையால். உறையை ஒட்டாமல் புக் போஸ்டில் போட்டால் அப்போது தபால் செலவும் குறைவாக இருந்தது.

மேலூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி மஞ்சளில் ஆவாரம்பூவும் வெள்ளையில் பூளைப்பூவும் போட்டிருந்தாள். "கடை அட்டை மாதிரி ரோஜா வரையம்மா" என்று திருத்தினேன். இரண்டும் காப்புக்கட்டுக்கு வாசலில் செருகும் பூக்கள் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை.

அவள் மாற்றவில்லை. அதே அட்டை தபாலில் வந்தது. இப்போது என் கையில் இருக்கிறது.

இதைப் படித்தால் தெரிந்துகொள், அம்மா: நீ வரைந்ததுதான் சரி.

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.