ஆம்ப் இல்லாமல் ஒரு கிட்டார்

எலக்ட்ரிக் கிட்டாரைத் தனியாக மீட்டிப் பாருங்கள். கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம்தான் வரும். அதை ஆம்ப்ளிஃபயரில் செருகினால்தான் உயிர் வரும் என்பார்கள். ஆனால் உலகம் முழுக்க ரசித்துக் கேட்ட பல பாட்டுகளில் கிட்டார் எந்த ஆம்ப்பிலும் செருகப்படவில்லை என்பது பலருக்குத் தெரியாது.

அந்தக் கதைக்குப் போகும் முன், ஆம்ப் என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடலாம். சத்தத்தைக் கூட்டுவது மட்டும்தான் அதன் வேலை என்று நினைத்தால் தவறு. அது செய்வது மூன்று வேலை.

முதலாவது, கிட்டாரின் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் மிக மெலிதானது. அதை வாங்கும் இடத்தின் மின்தடை சுமார் 10 லட்சம் ஓம் இருக்க வேண்டும். குறைந்தால் ஒலியின் பளிச் போய் மந்தமாகிவிடும். இரண்டாவது, ஆம்ப்பை அளவுக்கு மீறி முடுக்கினால் உள்ளே இருக்கும் வால்வுகள் திணறி, அலையின் உச்சியை நறுக்கிவிடும். ராக் இசையின் கரகரப்பு அதுதான். மூன்றாவது, ஸ்பீக்கர். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியைப் பெரும்பாலும் வடிகட்டிவிடும். அந்த வடிகட்டி இல்லாவிட்டால் கரகரப்பு குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி காதைக் குத்தும்.

ஆம்ப் இல்லாத கிட்டாரின் வரலாறு என்பது, இந்த மூன்று வேலைக்கும் ஒவ்வொன்றாக மாற்று கண்டுபிடித்த வரலாறுதான்.

முதல் வேலைக்கு மாற்று கண்ட இடங்களில் முக்கியமானது அமெரிக்காவின் டெட்ராய்ட். குடும்பத்தாரிடம் கடன் வாங்கிய 800 டாலரை வைத்து 1959-ல் பெர்ரி கோர்டி தொடங்கிய மோடவுன் நிறுவனத்தின் ஸ்டுடியோ, ஒரு சாதாரண வீட்டில் இருந்தது. இடம் சிறியது. ஆளுக்கொரு ஆம்ப் வைத்தால் அந்தச் சத்தமெல்லாம் டிரம்ஸ் மைக்கில் புகுந்துவிடும். அதனால் பொறியாளர்கள் ஒரு பெட்டி செய்து, கிட்டார்களையும் பேஸ் கிட்டாரையும் அதன் வழியாக நேரே கன்சோலில் இணைத்தார்கள். மோடவுன் பாட்டுகளில் கேட்கும் தெளிவான கிட்டார் ஒலிக்குக் காரணம் இடப் பற்றாக்குறை!

இரண்டாவது வேலைக்கு வழி காட்டியது ஒரு பழுது. 1960-ல் நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' பாட்டைப் பதிவு செய்தபோது, கன்சோலில் கோளாறு ஏற்பட்டு கிரேடி மார்ட்டினின் ஆறு தந்தி பேஸ் கரகரவென்று ஒலித்தது. அதை அழிக்காமல் அப்படியே விட்டார்கள். பாட்டு ஹிட். பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தக் கோளாறையே ஒரு சர்க்யூட்டாக வடிவமைத்தார். 1962-ல் அது மாஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் கடைக்கு வந்தது.

1968-ல் பீட்டில்ஸ் 'ரெவல்யூஷன்' பாட்டுக்கு இதையே வேண்டுமென்று செய்தார்கள். கிட்டார்களை நேரே கன்சோலில் செருகி, இரண்டு ப்ரீஆம்ப்களைத் தொடராக இணைத்து, தாங்க முடியாத அளவுக்கு முடுக்கினார்கள். கன்சோலே சூடாகிக் கெட்டுப்போகக்கூடிய வேலை. தானே ஸ்டுடியோ மேலாளராக இருந்திருந்தால் தன்னை வேலையை விட்டே அனுப்பியிருப்பேன் என்று பொறியாளர் ஜெஃப் எமரிக் பின்னாளில் சொன்னார்.

மூன்றாவது வேலைதான் கடினம். இதில் பெயர் வாங்கியவர் டாம் ஷோல்ஸ். எம்.ஐ.டி.யில் படித்தவர், போலராய்டு நிறுவனத்தில் பொறியாளர். வேலை முடிந்து வந்து வீட்டின் அடித்தள அறையில் பாட்டுப் பதிவு செய்வார். அப்படி உருவான 'பாஸ்டன்' ஆல்பம் 1976-ல் வெளிவந்து, அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1982-ல் அவர் கொண்டுவந்த ராக்மேன், பேட்டரியில் ஓடும் ஒரு சின்னப் பெட்டி. ஹெட்போனை மாட்டினால் போதும். கரகரப்பும் ஸ்பீக்கரின் வடிகட்டலும் அதற்குள்ளேயே இருந்தன. 1987-ல் வந்த டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா' ஆல்பத்தின் கிட்டார்கள் பெரும்பாலும் இந்தப் பெட்டியில் பிறந்தவைதான்.

அதன் பிறகு எல்லாம் வேகம். 1989-ல் நியூயார்க்கில் ஆண்ட்ரூ பார்ட்டாவின் சான்ஸ்ஆம்ப். 'சான்ஸ்' என்றால் பிரெஞ்சில் 'இல்லாமல்' என்று பொருள். 1998-ல் லைன் 6 நிறுவனத்தின் பாட், பல ஆம்ப்களின் குணத்தை டிஜிட்டலாக ஒரே பெட்டியில் அடைத்தது. இன்று அதே வேலையைக் கணினியில் இலவச மென்பொருளே செய்கிறது.

இதில் இழப்பே இல்லையா? உண்டு. பெரிய ஸ்பீக்கரின் அதிர்வு திரும்ப வந்து தந்தியைத் தொட, ஸ்வரம் அடங்காமல் நீண்டுகொண்டே போகும் அனுபவம் ஹெட்போனில் கிடைக்காது. ராக்மேன் பிரபலமானபோது, எல்லாருடைய கிட்டாரும் ஒரே மாதிரி ஒலிக்கிறது என்ற குறையும் எழுந்தது.

ஆனால் கிடைத்தது அதைவிடப் பெரிது. விலை உயர்ந்த ஆம்ப்பும், அதை அலறவிடத் தனி அறையும் இருந்தவர்களுக்கே கிடைத்த ஒலி, பக்கத்து வீட்டுக்காரர் தூங்கும் நேரத்தில் ஒற்றை அறையில் உட்கார்ந்து பழகுகிறவருக்கும் கிடைத்தது.

ஆகவே நண்பர்களே, ஆம்ப் இல்லாமல் கிட்டார் ஒலி நன்றாக வரவில்லை என்றால் கிட்டாரைத் திட்ட வேண்டாம். அந்த மூன்று வேலையில் எது விடுபட்டது என்று பாருங்கள். மந்தமாக இருந்தால் முதலாவது, உயிரில்லாமல் இருந்தால் இரண்டாவது, காதைக் குத்தினால் மூன்றாவது!