பழைய எஸ்.யூ.வி வெச்சிருக்கீங்களா? மெக்கானிக்குக்கு போன் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மழை ஓய்ஞ்ச மறுநாள் சாத்தாங்காடு பக்கம் எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன், தன்னோட பழைய டீசல் எஸ்.யூ.வி-யில் ஏறி சாவியைத் திருகினார். ராத்திரி முழுக்க வண்டி பம்பர் மூழ்குற தண்ணியில நின்னிருந்தது. 'டொக்'னு ஒரே ஒரு சத்தம். விடாம இன்னொரு தடவை திருகினார். கனெக்டிங் ராடு வளைஞ்சுபோச்சு. கம்பெனி ஆட்களை ஷிஃப்ட்டுக்கு ஏத்திட்டுப் போய்ச் சம்பாதிச்சுக் கொடுத்த வண்டி, மூணு மாசம் ஷெட்டில் படுத்துடுச்சு.

அன்னிக்கு அவர் செஞ்சிருக்க வேண்டியது ரொம்ப சிம்பிள். பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள்ள கையை விட்டுப் பார்த்திருக்கணும். ஃபில்டர் ஈரமா இருந்தா, தண்ணி இன்ஜினுக்குள்ளயும் போயிருக்க வாய்ப்பு அதிகம். காத்தை அழுத்தலாம், தண்ணியை அழுத்த முடியாது. பிஸ்டன் மேல வரும்போது தண்ணி வழிவிடாது, அதனால ராடுதான் வளையும். இதைத்தான் 'ஹைட்ரோலாக்'னு சொல்றாங்க. சாதாரண ஃபுல் இன்ஷூரன்ஸில் இந்தச் சேதத்துக்கு பொதுவா காசு வராது. அதுக்குத் தனியா எடுக்கிற இன்ஜின் புரொடெக்‌ஷன் கவரை, பழைய வண்டிக்குப் பெரும்பாலும் தரவும் மாட்டாங்க.

வெள்ளத்துல நின்ன வண்டியா?

முதல்ல பேட்டரியோட நெகட்டிவ் கேபிளைக் கழட்டுங்க. அடுத்து ஏர் ஃபில்டர். அப்புறம் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்க. ஆயில் பால் கலந்த டீ கலர்ல இருந்தா, உள்ளே தண்ணி கலந்திருச்சு. அங்கேயே நிறுத்திட்டு டோ பண்ணிக் கொண்டுபோங்க.

பலரும் மறக்கிற இடம் ஒண்ணு இருக்கு. சுமோ, பொலிரோ, குவாலிஸ் மாதிரி பின்சக்கரம் இழுக்குற வண்டிகளில் பின் ஆக்ஸிலுக்கு நடுவுல ஒரு பெரிய உருண்டை இருக்கும். அதுதான் டிஃப்ரன்ஷியல். அது மூச்சுவிட ஆக்ஸில் மேல ஒரு சின்ன பிரீதர் இருக்கும். ஓடிச் சூடான ஆக்ஸில் திடீர்னு தண்ணியில இறங்கினா, உள்ளே இருக்குற காத்து சுருங்கி, அந்த வழியா தண்ணியை இழுத்துக்கும். வெளியே எதுவுமே தெரியாது. ஆறு மாசம் கழிச்சு 'ஊ...'னு ஊளைச் சத்தம் வரும்போது பேரிங் போயிருக்கும். அதனால முட்டி அளவு தண்ணியில ஓட்டினாலே டிஃப்ரன்ஷியல் ஆயிலையும் கியர் ஆயிலையும் செக் பண்ணச் சொல்லுங்க.

எண்ணூர் ஏரியாவுக்கு ஸ்பெஷல் பிரச்னை வேற. மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து வந்தது ஞாபகம் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு ரொம்ப நாள் ஒட்டியிருந்தா ரப்பர் புஷ், பூட் எல்லாம் ஊறிக் கெட்டுப்போகும். பாத்திரம் கழுவுற லிக்விட் கலந்த தண்ணியால கழுவினாலே போதும். சில வாட்டர் சர்வீஸ்ல துரு பிடிக்காம இருக்க வண்டி அடியில டீசல் ஸ்பிரே பண்ணித் தர்றாங்க இல்லையா... அதுவும் இதே வேலையைத்தான் பண்ணும். வேண்டாம்னு சொல்லிடுங்க.

ஸ்டார்ட் ஆகலை... காதைத் தீட்டிக்கோங்க

சாவியைத் திருகினா 'டக் டக் டக்'னு வரிசையா சத்தம் வந்தா, பெரும்பாலும் பேட்டரியில சார்ஜ் இல்லை. ஒரு மல்டிமீட்டர் வாங்கி வெச்சுக்கோங்க. நிறுத்தி வெச்ச வண்டியில 12.6 வோல்ட் காட்டினா பேட்டரி ஃபுல். 12-க்குக் கீழே போனா காலி. இன்ஜின் ஓடும்போது சுமாரா 13.8 முதல் 14.4 வரை இருக்கணும். அது ஏறலைனா தப்பு பேட்டரி மேல இல்ல, ஆல்டர்னேட்டர் மேல. இதைப் பார்க்காமலே புது பேட்டரி வாங்கிப் போட்டு, அதுவும் படுத்து, திரும்ப கடைக்காரரோட சண்டை போடுறவங்க நிறைய.

கடல் காத்து அடிக்கிற ஊர்ல இன்னொரு திருடன் இருக்கான். அவன் பேரு எர்த். பேட்டரி நெகட்டிவ்ல இருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போற கேபிள், பின்னல் பட்டை எல்லாம் உப்புக் காத்துல பச்சை பூத்திடும். ஹெட்லைட் மங்கும், ஸ்டார்ட்டர் முக்கும். ஒரு ஜம்ப்பர் கேபிள் எடுத்து பேட்டரி நெகட்டிவையும் இன்ஜினோட சுத்தமான இரும்புப் பகுதியையும் இணைச்சிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. ஜம்முனு சுத்தினா குற்றவாளி சிக்கிட்டான். போல்ட்டைக் கழட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டுங்க. செலவு அஞ்சு ரூபா. டெர்மினல்ல பூத்த வெள்ளைப் பொடிக்கு வெந்நீரும் சமையல் சோடாவும் போதும். கழட்டும்போது முதல்ல நெகட்டிவ், மாட்டும்போது கடைசியா நெகட்டிவ்.

ஸ்டார்ட்டர் நல்லா சுத்துது, ஆனா இன்ஜின் பிடிக்கலையா? பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசல் வண்டியில, சாவியை ஆன் பண்ணும்போது பம்ப் பக்கம் 'டிக்'னு ஒரு சின்னச் சத்தம் கேட்கணும். அது டீசலைத் திறந்துவிடுற சோலனாய்டு. சத்தம் இல்லைனா ஃபியூஸையும் அதுக்குப் போற ஒத்தை ஒயரையும் பாருங்க. சத்தம் இருந்தா, டீசல் லைன்ல காத்து புகுந்திருக்கலாம். ஃபில்டர் மேல இருக்குற கை பம்ப்பை அது கெட்டியாகுற வரை அழுத்துங்க. ஃபில்டர் அடியில இருக்குற பிளக்கைக் கொஞ்சம் லூஸ் பண்ணினா, தேங்கின தண்ணி முதல்ல வரும். சுத்தமான டீசல் வந்ததும் இறுக்கிடுங்க.

இது எல்லாமே ஃபில்டர் வரைக்கும்தான். ஸ்கார்பியோ சி.ஆர்.டி.இ மாதிரி காமன் ரெயில் வண்டியில இன்ஜெக்டருக்குப் போற இரும்பு பைப்புல ஸ்பேனரே வைக்காதீங்க. உங்க கார் டயர்ல இருக்குற அழுத்தம் ரெண்டு, ரெண்டரை பார். அந்த பைப்புல ஆயிரம் பாருக்கும் மேல. ஊசி மாதிரி தோலைத் துளைச்சு டீசல் உடம்புக்குள்ள போயிடும். விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

டிரெய்லர் க்யூவில் நிக்குதா, சூடாகுதா?

மணலி எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல சிக்கி, டெம்பரேச்சர் முள் ஏறுறதைப் பார்த்துட்டே இருக்குற வேதனை இந்த ஏரியாக்காரங்களுக்குத்தான் தெரியும். ஏ.சி-யை ஆஃப் பண்ணி, ஹீட்டரை ஃபுல்லா வைங்க. வேர்க்கும், பரவாயில்லை. இன்ஜின் சூட்டுல ஒரு பங்கு அந்த வழியா வெளியே போகும். அப்புறம் ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்க. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோட திறந்தா கொதிக்கிற தண்ணி முகத்துல அடிக்கும். கையால தொட முடியுற அளவு ஆறட்டும்.

அவசரத்துக்கு போர் தண்ணி ஊத்துறது இங்கே ரொம்ப சகஜம். ஆனா கரையோர நிலத்தடி நீர்ல கடல்நீர் கலந்து உப்பேறிக் கிடக்கு. அந்த உப்பு ரேடியேட்டர் உள்ளே படிஞ்சு அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி, அதுதான் சரி. ரேடியேட்டர் வெளிப்பக்கச் செதில்கள்ல படிஞ்ச தூசியையும் சாம்பலையும் உள்பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா, குழாய்த் தண்ணியை மெதுவா விட்டுக் கழுவுங்க. பிரஷர் வாஷ் அடிச்சா செதில் மடங்கிடும்.

"சூடாகுதா? தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போட்டுடலாம்"னு யாராவது சொன்னா தலையாட்டாதீங்க. அது இல்லாம இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. டீசல் கூடுதலா குடிக்கும், சீக்கிரம் தேயும்.

போல்ட் வாங்குறதுக்கு முன்னாடி

பக்கத்துலயே இரும்பு மார்க்கெட் இருக்குன்னு சஸ்பென்ஷனுக்கும் சீட் பெல்ட்டுக்கும் கிடைச்ச போல்ட்டை மாட்டுற பழக்கம் இங்கே உண்டு. போல்ட் தலையைப் பாருங்க. 8.8, 10.9-னு எண் பொறிச்சிருக்கும். அது அதோட வலிமை. கழட்டினதுல 10.9 இருந்தா, புதுசுலயும் அதேதான் இருக்கணும். எண்ணே இல்லாத போல்ட், கேட்டுக்கும் ஷட்டருக்கும்தான் லாயக்கு. புதுப்பேட்டையில ஸ்பேர் வாங்கப் போனா, பழைய பார்ட்டோட நம்பரை போன்ல போட்டோ எடுத்துட்டுப் போங்க. எதைக் கழட்டினாலும் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துடுங்க.

ஆன்லைன்ல கிடைக்கிற ஓ.பி.டி ஸ்கேனர் வாங்கலாமான்னு கேட்கிறாங்க. 2010-க்கு முன்னாடி வந்த பெரும்பாலான டீசல் வண்டிக்கு அது வேஸ்ட்.

பிரேக்ல நீங்க செய்ய வேண்டியது டெஸ்ட் மட்டும். இன்ஜின் ஆஃப்ல பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சு, கடைசி மிதியில காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் கொஞ்சம் கீழே இறங்கினா பூஸ்டர் ஓகே. இறங்கலைனாலோ, மிதிக்கும்போது பஞ்சு மாதிரி இருந்தாலோ வண்டியை எடுக்காதீங்க. அதேபோல வெறும் ஜாக்கி மேல நிக்குற வண்டிக்கு அடியில எக்காரணம் கொண்டும் படுக்காதீங்க. ஸ்டாண்டு வாங்க வசதி இல்லைனா, அந்த வேலையை ஷெட்டுக்கே விட்டுடுங்க.

நம்ம அண்ணன் இப்பவும் அதே வண்டியைத்தான் ஓட்டுறார். புயல் சின்னம்னு செய்தி வந்தா போதும்... வண்டியை மேட்டுல ஏத்திவிட்டு, பேட்டரியைக் கழட்டி, சாவியை அவங்க அம்மா கையில கொடுத்துடுறாராம். தண்ணி வடிஞ்சு, ஏர் ஃபில்டரைக் கழட்டிக் காட்டினாத்தான் அவங்க சாவியைத் தருவாங்க!