ஹாட்ஜுக்குச் சிப்பி வாங்கப் போனவர்

போன மாசம் எங்க வீட்டுப் பூனை தட்டைத் தொடாமல் மூலையில் சுருண்டு கிடந்தது. "பட்டினி கிடந்து அதுவே சரியாயிடும்"னு சொல்லாத ஆளில்லை. பூனை விஷயத்தில் இது ஆபத்தான பேச்சு. சில நாள் சுத்தமாகச் சாப்பிடாவிட்டால் உடம்பிலுள்ள கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலே கெட்டுப்போகும். குண்டுப் பூனைக்கு ஆபத்து இன்னும் ஜாஸ்தி. ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை என்றாலே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். நாங்களும் ஓடினோம். மூக்கடைப்பாம். வாசனை தெரியாமல் பூனை வாய் வைக்காது, மருந்தோடு மீனை லேசாகச் சூடுபண்ணி வையுங்கள் என்றார். மெதுவாக நக்கியது, அப்புறம் தின்றது.

அன்றைக்கு ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தவர் லண்டன்காரர் சாமுவேல் ஜான்சன். 1755இல் ஆங்கில அகராதி வெளியிட்டாரே, அவரேதான். அவருடைய பூனை ஹாட்ஜ். அதற்கு வயசாகி, நோயும் வந்து, சிப்பியைத் தவிர வேறெதுவும் சாப்பிட முடியாமல் போனபோது ஜான்சன் தானே போய் வாங்கிவருவார் என்று அவரது தோழி ஹெஸ்டர் த்ரேல் 1786இல் வெளிவந்த நூலில் எழுதுகிறார். அன்றைய லண்டனில் சிப்பி ஏழைகளும் வாங்கித் தின்ற மலிவுச் சரக்கு. பூனையின் உடம்புக்குத் தேவையான டாரின் என்ற சத்து அதில் ஏராளம். அந்தச் சத்து குறைந்தால் பூனைக்குக் கண் கெடும் என்பது 1975இல்தான் தெரிந்தது. ஜான்சன் அதையெல்லாம் கண்டாரா? பூனை எதைத் தின்றதோ அதை வாங்கினார், அவ்வளவுதான்.

வேலைக்காரர் இருக்க அவர் ஏன் போனார்? வேலைக்காரர்களுக்கு அலைச்சல் வைத்தால் பூனைமேல் வெறுப்பு வந்துவிடும் என்றுதான் என்கிறார் பாஸ்வெல், 1791இல். (பாஸ்வெல்லுக்குப் பூனை என்றாலே ஆகாது. ஹாட்ஜ் இருக்கும் அறையில் நெளிந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்.) த்ரேல் சொல்லும் காரணம் வேறு. நாலுகால் பிராணிக்கு ஊழியம் செய்கிறோமே என்று பிரான்சிஸ் பார்பரின் மனசு புண்படக்கூடாதாம்.

எனக்கு த்ரேல் சொல்வதுதான் பொருத்தமாகப் படுகிறது. பார்பர் ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்தவர். 1752இல் சிறுவனாக ஜான்சன் வீட்டுக்கு வந்தார். இன்னொருவரின் உடைமையாகப் பிறந்த ஒரு மனுஷனிடம் "பூனைக்குச் சாப்பாடு வாங்கிட்டு வா" என்று சொல்ல வாய் கூசியிருக்கும். பூனையைப் பட்டினி போடவும் மனசில்லை. ஆகவே அகராதிக்காரர் தெருவில் இறங்கி நடந்தார்.

1784இல் இறந்தபோது பார்பருக்கு வருஷத்துக்கு 70 பவுன் கிடைக்கும்படி உயில் எழுதிவைத்தார். ஒரு கறுப்பருக்கு இவ்வளவா என்று, ஜான்சனின் வாழ்க்கையை எழுதிய ஜான் ஹாக்கின்ஸ் அச்சிலேயே பொருமினார். பார்பர் பிறகு ஜான்சனின் சொந்த ஊரான லிச்ஃபீல்டுக்குக் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார்.