மாறாத தாளமும் மாற்றும் கையும்: கிங் ஜாமியின் 12 அங்குல இசைத்தட்டுகள்

ரெகே இசை வரலாற்றை எழுதுவோர் 1985ஆம் ஆண்டில் ஒரு கோடு கிழிப்பது வழக்கம். அந்த ஆண்டு பிப்ரவரியில், பிளாக் ஸ்கார்பியோ என்ற சவுண்ட் சிஸ்டத்துடன் (ஆட்டங்களில் இசைத்தட்டுகளை ஒலிக்கவிடும் குழு) ஜமைக்காவின் கிங்ஸ்டனில் நடந்த போட்டியில், தயாரிப்பாளர் லாயிட் ஜேம்ஸ் என்ற கிங் ஜாமி ‘அண்டர் மீ ஸ்லெங் டெங்’ பாடலை ஒலிக்கவிட்டார். பாடியவர் வெய்ன் ஸ்மித். கேசியோ எம்டி-40 கீபோர்டில் ஏற்கெனவே பதிந்திருந்த ராக் தாளம் ஒன்றை வேகம் குறைத்து எடுத்துக்கொண்ட பாடல் அது. பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் வாசிக்க ஆள் தேவைப்படவில்லை. இயந்திரம் வந்ததும் டப் கலை, அதாவது பாடலின் குரலை விலக்கித் தாளத்தை மிக்ஸரில் மறுபடி வடிக்கும் கலை, நலிந்தது என்று பலர் முடிவு கட்டினார்கள். அக்காலத்து 12 அங்குல நீண்ட தட்டுகளைக் கடைசிவரை கேட்டால் அந்த முடிவு நிலைக்காது.

12 அங்குல சிங்கிள் அமெரிக்க டிஸ்கோவின் கொடை. சால்சோல் நிறுவனம் 1976இல் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. ஜோ கிப்ஸ் போன்ற ஜமைக்கத் தயாரிப்பாளர்கள் விரைவிலேயே ‘டிஸ்கோமிக்ஸ்’ என்ற பெயரில் அதைத் தமதாக்கினார்கள். பேஸ் ஒலி கனக்கக் கனக்கத் தட்டின் பள்ளம் அகலமாக அலையும். 7 அங்குலத்தில் அதற்கு இடம் போதாது. நேரத்தை நீட்டினால் ஒலியைத் தணிக்க வேண்டும். பெரிய தட்டில் அந்த நெருக்கடி இல்லை. ஆகவே, சிறிய தட்டில் மறுபக்கத்துக்குப் போன டப், இங்கே பாடல் முடிந்த இடத்திலேயே தொடங்கியது.

இந்த வடிவம் ஜாமிக்குக் கைவந்த வடிவம். டிரோமிலி அவென்யூவில் டப் முன்னோடி கிங் டப்பியின் மிக்ஸரில் பழகியவர் அவர். ரூட்ஸ் ராடிக்ஸ் போன்ற குழு வாசித்த காலத்தில் டிரம்மரின் ஒரு சிறு தயக்கம்கூடத் தாளத்துக்கு உயிர் தரும். கேசியோவின் தாளம் தயங்காது. குரல் விலகியதும் கேட்பவரைப் பிடித்துவைக்க மிச்சமிருப்பது மிக்ஸரில் இருக்கும் கை மட்டுமே: பேஸை வெட்டி நிறுத்துவது, பியானோவின் ஒரே அடியை எதிரொலியில் விட்டுக் கரையவிடுவது, டிரம்ஸை மீண்டும் இறக்குவது. இயந்திரம் அந்தக் கையின் பொறுப்பைக் கூட்டியது என்றே சொல்வேன். 1986இல் ஜாமியின் பெயரில் ‘கம்ப்யூட்டரைஸ்டு டப்’ தொகுப்பை கிரீன்ஸ்லீவ்ஸ் நிறுவனம் வெளியிட்டதும் இதற்குச் சான்று.

ஜமைக்கா ஆடியது 7 அங்குலத் தட்டுக்குத்தான், 12 அங்குலம் பெரும்பாலும் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போன சரக்கு என்று மறுக்கலாம். உண்மைதான். ஆனால் ஆடுகளத்தில் தட்டின் இருபக்கங்களையும் அடுத்தடுத்து ஓடவிட்டு நிகழ்ந்ததை ஒரே பக்கத்தில் பதிந்துவைத்தது அந்த ஏற்றுமதித் தட்டுதானே? இன்னொரு மறுப்பு வலுவானது: இந்த வடிவம் நிலைக்காமல் பின்னர் தேய்ந்தது. தேய்ந்தது என்பதைவிடச் சிதறிப் பரவியது என்பேன். டெனர் சாவின் ‘பம்ப்கின் பெல்லி’யும் ஜானி ஆஸ்பர்னின் ‘பட்டி பை’யும் அதே ஸ்லெங் டெங் தாளத்தில் பிறந்தவை. ஒரு தட்டுக்குள் நீண்ட தாளம் இப்போது பல குரல்களின் ஊடே, பல தட்டுகளின் மேல் நீண்டது.

ஆகவே மறுபதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தத் தட்டுகளை வெளியிடும்போது பாடலோடு வெட்டி நிறுத்தாதீர்கள்; டப் பகுதியையும் முழுமையாகத் தாருங்கள்.