தவறி விழுந்தவர்கள்

எல்லாப் பள்ளிக்கூடத்திலும் ஒரு வாக்கியம் இருக்கிறது. "விளையாடும்போது தவறி விழுந்துவிட்டான்." மண்டையில் தையல் போட்டாலும் இதுதான், கை ஒடிந்தாலும் இதுதான், பல்லு போனாலும் இதுதான். தள்ளியவன் யார், எதற்காகத் தள்ளினான், அந்நேரம் வாத்தியார் எங்கே போயிருந்தார் என்ற மூன்று கேள்விகளையும் இந்த ஒற்றை வாக்கியம் விழுங்கி ஏப்பம் விட்டுவிடும்.

எனக்கும் இதை எழுதியிருக்கிறார்கள். ஆறாவது படிக்கும்போது கபடியில் ஊர்க்காரப் பையன் ஒருவனைத் தொட்டு அவுட்டாக்கிவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் நாலு பேர் சேர்ந்து அமுக்கிக் கையை முறுக்கினார்கள். முழங்கை பிசகிப் போனது. பி.டி. வாத்தியார் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தலைமை ஆசிரியர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பி, "பசங்க சண்டை, பெருசு பண்ணாதீங்க. நாளைக்கும் இவன் இங்கதான படிக்கணும்" என்றார். ஆஸ்பத்திரியில் எப்படி ஆச்சு என்று கேட்டபோது அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "விழுந்துட்டான் சார்" என்றார். ஏ.ஆர். காப்பியிலும் அப்படியே ஏறியது. என் கதை பெரிய கதை இல்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்கு வரலாறு இருக்கிறது. அதைப் பேசத்தான் இதை எழுதுகிறேன்.

1893இலிருந்து தொடங்கலாம். அந்த வருஷம் பிப்ரவரி 1ஆம் தேதி சென்னை மாகாண அரசு கல்வித்துறை ஆணை எண் 68ஐப் பிறப்பித்தது. சேரிகளில் பள்ளி தொடங்க ஊக்கம் கொடுக்க, பள்ளிக் கட்டடத்துக்குப் புறம்போக்கு நிலம் ஒதுக்க, பஞ்சமர்களில் ஆசிரியர் பயிற்சி பெறுவோருக்கு உதவித்தொகை தர அது வழி சொன்னது. அதே வருஷம் அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். அதே வருஷம் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. பள்ளிக்குள் வைத்திருந்த பாஸ்பரசால் ஒரு மாணவனுக்குத் தீக்காயம். கவனமுள்ள தகப்பன் தன் பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வானோ அப்படிப் பள்ளி ஆசிரியர் மாணவர்களைப் பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர் என்று நீதிமன்றம் சொன்னது. பள்ளியின் பொறுப்பு பற்றிப் பேசுகிற வழக்கறிஞர்கள் இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிற அளவுகோல் அது.

கவனமுள்ள தகப்பன். நல்ல வார்த்தைதான். ஆனால் நம்ம நாட்டில் பள்ளிக்கூடம் யாருக்குத் தகப்பனாக இருந்தது? கட்டடம் ஊருக்குள்ளே இருந்தது. வாத்தியார் ஊர்க்காரர். ஊர்ப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தகப்பன். சேரிப் பிள்ளைக்கு அது ஆண்டை. ஆண்டை வீட்டு வாசலில் பண்ணையாள் பிள்ளைக்கு அடிபட்டால் யாரும் நஷ்டஈடு பேசுவதில்லை.

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைச் சொல்கிறார். சுமார் நானூறு பிள்ளைகளில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். சிநேகம் வைத்துக்கொண்டால் சாதியும் குடியிருப்பும் தெரிந்துபோகும், தெரிந்தால் கேவலப்படுத்துவார்கள். அதற்குப் பயந்து, மணி அடிக்கிற வரைக்கும் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். வகுப்பு கலைந்ததும் மற்றவர்கள் எட்டிப் பிடிக்காதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட முடியாத கொடுமையை நினைத்து மனம் கலங்கியதாக எழுதுகிறார். பிற்காலத்தில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர் அவர். முதுமையில் எழுதும்போதும் அந்த விளையாட்டு மைதானம் அவரை விடவில்லை.

இதில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. ரத்தம் இல்லை, புகார் இல்லை. எந்தச் சட்டப்படியும் அந்தப் பள்ளிமேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மைதானத்தில் கால் வைக்கவே பயந்த ஒரு பிள்ளை அங்கே படித்திருக்கிறது. அதைப் பள்ளிக்கூடம் கவனிக்கவும் இல்லை. பொறுப்பு தவறியது அந்த இடத்தில்தான். கை ஒடிவதெல்லாம் பிறகு வருவது.

அம்பேத்கர் பிள்ளையாக இருந்தபோது உட்காருவதற்குத் தனிக் கோணிச்சாக்கு. அதைத் தினமும் அவரே வீட்டுக்குத் தூக்கிப்போக வேண்டும். தண்ணீர்க் குழாயைத் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால் தண்ணீர், பியூன் இல்லாத அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. இதைப் பசங்க சேட்டை என்று தள்ள முடியுமா? சாக்கு எங்கே போடுவது, குழாயை யார் திறப்பது என்பதெல்லாம் பள்ளி நிர்வாகம் நடத்திய ஏற்பாடு. வாத்தியார் முறைப்படி செய்ததைத்தான் பையன்கள் மைதானத்தில் கையால் செய்து பழகினார்கள்.

அதெல்லாம் அந்தக் காலம் என்பவர்கள் சேலம் மாவட்டம் கட்டிநாயக்கன்பட்டியை நினைத்துக்கொள்ளட்டும். 1995. ஒன்றாம் வகுப்பு தலித் சிறுமி ஒருத்தி, சாதி இந்துப் பிள்ளைகளுக்கு என்று வைத்திருந்த பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். ஆசிரியர் அடித்த அடியில் ஒரு கண்ணின் பார்வை போனது. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்து 45 வருஷம் ஆகியிருந்தது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று இன்றைக்கு நாம் சொல்லும் 1955ஆம் வருஷத்துச் சட்டம் இருந்தது. 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருந்தது. இரண்டு பானைகளும் இருந்தன.

அதற்குப் பிறகும் சட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. 2003இல் தமிழ்நாடு கல்வி விதிகளைத் திருத்திப் பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்தார்கள். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அடியோடு மன உளைச்சலையும் சேர்த்துத் தடுக்கிறது. 2015ஆம் வருஷத்து இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவுப்படி, பிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ள நிறுவனத்தின் ஊழியரோ நிர்வாகியோ கொடுமை செய்தால், வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டால், ஐந்து வருஷம் வரை சிறை. வன்கொடுமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு கடமை தவறிய அரசு ஊழியரையும் தண்டிக்கிறது. ஏட்டில் எல்லாம் இருக்கிறது. ஆனால் ரத்தம் சொட்டிய பிறகுதான் யாராவது ஏட்டைப் புரட்டுகிறார்கள்.

ரத்தம் வருவதற்கு முன்பே தெரிகிற அடையாளம் ஒன்று உண்டு. தென்மாவட்டப் பள்ளிகளில் பையன்கள் மணிக்கட்டில் கட்டுகிற கலர் கயிறு. ஒவ்வொரு சாதிக்கும் ஒரு கலர். யாரோடு உட்காருவது, யாரை விளையாட்டில் சேர்ப்பது எல்லாம் அந்தக் கயிற்றைப் பார்த்து. பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் இதை எடுத்துச் சொன்ன பிறகு, 2019 ஆகஸ்டில் பள்ளிக்கல்வித் துறை கயிறுகளைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியது. அப்படி ஒரு சுற்றறிக்கை தனக்குத் தெரியாமல் போனது, பழைய நிலையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் கைகழுவினார். பழைய நிலை என்றால் என்ன? 2022 ஏப்ரலில் திருநெல்வேலி மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் கயிறு சம்பந்தமான தகராறில் தலையில் அடிபட்டு ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் செத்துப்போனான். அதுதான் பழைய நிலை.

2023 ஆகஸ்ட் 9, நாங்குநேரி. சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் ஒரு தலித் மாணவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தது. அவன் உள்ளதைச் சொன்னான். பள்ளி அந்த மாணவர்களைக் கண்டித்தது. அன்று ராத்திரியே அரிவாளோடு வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். இங்கே பள்ளி கேட்டது, கண்டித்தது. ஆனால் புகார் சொன்ன பிள்ளையை அன்றைக்கு யார் காப்பாற்றுவது என்று யோசிக்கவில்லை. கவனமுள்ள தகப்பன் முதலில் அதைத்தான் யோசித்திருப்பான். அந்தப் பையன் பிறகு உதவியாளர் துணையோடு தேர்வெழுதி 600க்கு 469 மதிப்பெண் வாங்கினான். அதைக் கொண்டாடிய எல்லாருக்கும் ஒரு கேள்வி. அவன் கைக்கு யார் பதில் சொல்வது?

நாங்குநேரிக்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிறு, மோதிரம் போன்ற சாதி அடையாளங்களுக்குத் தடை, வட்டாரத்தில் பெரும்பான்மையாக உள்ள சாதிக்காரரைத் தலைமை ஆசிரியராகப் போடக்கூடாது, 500 பிள்ளைகளுக்கு மேல் படிக்கிற பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றெல்லாம் சொன்னது. 2025 மார்ச் 10ஆம் தேதி, ஸ்ரீவைகுண்டம் பக்கம், பரீட்சை எழுத பஸ்ஸில் போன பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவனை இறக்கி விரல்களை வெட்டினார்கள். கபடியில் ஜெயித்ததுதான் காரணம் என்றார்கள் குடும்பத்தார்.

கபடி என்றதும் என் முழங்கை வலித்தது. எனக்கு முறுக்கியதோடு விட்டார்கள்.

அடிபட்ட பிறகு சஸ்பெண்டு செய்வதும் நிவாரணம் அறிவிப்பதும் பொறுப்பு ஆகாது. மைதானத்தில் யார் யாரைச் சேர்க்கவில்லை என்று பார்ப்பது பொறுப்பு. பிள்ளை நாலு நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போய்க் கேட்பது பொறுப்பு. புகாரைத் தேதி போட்டு எழுதி வைத்து, சொன்னவன் பெயர் வெளியே போகாமல் காத்து, அன்றைக்கு அவனைப் பத்திரமாக வீடு சேர்ப்பது பொறுப்பு. இது எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை.

நம் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. எங்கள் அப்பாவை நான் குற்றம் சொல்லமாட்டேன். கூலிக்குப் போகிற ஆள், ஊரைப் பகைத்துக்கொண்டு எங்கே போவார்? ஆனால் அவர் அன்றைக்குத் தனியாகப் போனார். இனி யாரும் தனியாகப் போக வேண்டாம். தெருவில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லுங்கள். 'தவறி விழுந்தான்' என்று எழுதி நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

நம் பிள்ளைகள் தவறி விழவில்லை. தள்ளப்பட்டார்கள்.