வேடந்தாங்கல்: நாரைக்காக வாங்கிய கவுல்

இந்த வாரம் ஒரு குட்டிப் பயணத்துக்குத் திட்டம் போடப் போறோம். சனி, ஞாயிறு, ரெண்டே நாள். சென்னையிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் சுமார் ரெண்டு மணி நேரம். ஊர் பேரு உங்க எல்லாருக்கும் தெரியும்: வேடந்தாங்கல். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பாதிப் பேர் போயிருப்பீங்க.

அப்புறம் எதுக்கு இதை ஒரு வரலாற்று எபிசோடா எடுத்திருக்கேன்? எந்த மாசம் போகணும், எந்த நேரத்தில் நிக்கணும், எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கணும்னு நீங்க கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் பதில், இருநூறு வருஷத்துக்கு மேல பழமையான ஒரு கதைக்குள்ள இருக்கு. அந்தக் கதை பறவைகளைப் பத்தின கதை மட்டும் இல்லை. தண்ணி, எரு, நெல்லு, வரி எல்லாம் சேர்ந்த கதை.

எப்போ போறது?

பறவை பார்க்க வசந்தகாலம்தான் சரியான நேரம்னு யூடியூபில் நிறைய பேர் சொல்வாங்க. ஐரோப்பாவுக்கு அது சரி. ஏப்ரல், மே மாசத்தில் அங்கே மரம் துளிர்க்கும், பறவை பாடும், கூடு கட்டும். நம்ம பஞ்சாங்கத்திலும் இளவேனில்னா சித்திரை, வைகாசிதான். அதை நம்பி மே மாசம் வேடந்தாங்கல் போனா, பெரும்பாலும் வறண்ட ஏரியையும் காலி மரத்தையும் பார்த்துட்டுத் திரும்பி வரலாம்.

காரணம் எளிமையானது. வேடந்தாங்கல் முதல்ல ஒரு பாசன ஏரி. அதுக்கு அப்புறம்தான் சரணாலயம். ‘தாங்கல்’னாலே சின்ன ஏரின்னுதான் அர்த்தம். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல்னு நம்ம ஊர்லயும் அந்தச் சொல் ஒட்டிக்கிட்டு இருக்கு. வேடன் தாங்கல் என்பதுதான் வேடந்தாங்கல் ஆச்சுன்னு சொல்றாங்க. ஒரு காலத்தில் இங்கே வேட்டை நடந்ததை அந்தப் பேரே சொல்லுது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏரியை நிரப்பும். ஏரிக்குள்ளேயே நீர்க்கடம்பு மரங்கள் நிக்குது. தண்ணி ஏறினதும் அந்த மரங்கள் எல்லாம் தனித்தனித் தீவா மாறிடும். நரியோ பூனையோ சுலபமா நெருங்க முடியாது. அதனாலதான் நாரைகள் அங்கே கூடு கட்டுது. மழை பொய்ச்சா அந்த வருஷம் கூடும் இல்லை. பறவைகள் வேற ஏரியைத் தேடிப் போயிடும்.

இன்னொரு விஷயம். “எல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பறவை” என்று அங்கே யாராவது உங்ககிட்ட சொல்லலாம். நம்பாதீங்க. அங்கே கூடு கட்டுகிற சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாமே நம்ம துணைக்கண்டத்துப் பறவைகள். ஊசிவால் வாத்து மாதிரி சில இனங்கள்தான் வடக்கே தூர தேசத்திலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வரும். அதுங்க இங்கே கூடு கட்டாது. மார்ச் வாக்கில் தங்களோட வசந்தத்தைத் தேடி வடக்கே கிளம்பிடும்.

ஆக, நமக்கான தேதி மாசி மாசம். பிப்ரவரி பின்பாதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைன்னு வச்சுக்கோங்க. குஞ்சுகள் பெரும்பாலும் வளர்ந்திருக்கும். சிலது கிளை ஓரத்தில் நின்னு இறக்கையை அடிச்சுப் பழகிக்கிட்டு இருக்கும். வாத்துகளும் இன்னும் முழுசா கிளம்பியிருக்காது.

கலெக்டரும் கவுலும்

இப்போ 1790-களுக்குப் போவோம். செங்கல்பட்டுச் சீமைக்கு அப்போ பேரு ‘ஜாகீர்’. ஆற்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த பகுதி. 1794-லிருந்து அதுக்குக் கலெக்டரா இருந்தவர் லயனல் பிளேஸ். வரி வசூல்தான் அவரோட வேலை. நெல் விளைஞ்சாதான் வரி, ஏரியில் தண்ணி நின்னாதான் நெல். அதனால கரைகளைச் செப்பனிடுறதில் ரொம்பக் குறியா இருந்தவர்.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேடந்தாங்கலுக்கு வந்து நாரைகளைச் சுட்டிருக்காங்க. ஊர்க்காரங்க நேரா கலெக்டர்கிட்ட போய் முறையிட்டதா கதை சொல்லுது. அவங்க சொன்ன நியாயத்தைக் கவனிங்க. “பாவம், உயிர்” என்று மட்டும் அவங்க நிறுத்தலை. ஆயிரக்கணக்கான பறவைகள் மாசக்கணக்கா அந்த மரங்களில் இருக்கு. எச்சம் பூராவும் ஏரியில் விழுது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த அந்தத் தண்ணி மதகு வழியா வயலுக்குப் பாயுது. தனியா எரு வாங்கிப் போடாமலே பயிர் செழிக்குது. ஒரு நாரையைச் சுட்டா எங்க விளைச்சலைச் சுடுறீங்கன்னு அர்த்தம். விளைச்சல் குறைஞ்சா உங்க வரியும் குறையும்.

வரிக் கணக்குப் பார்க்கிற ஒரு மனுஷனுக்கு இதைவிடத் தெளிவா எப்படிச் சொல்றது?

1798-ல் பிளேஸ் அந்த ஊருக்கு ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். கவுல்னா அந்தக் கால வருவாய்த் துறைப் பேச்சில் சர்க்கார் கொடுக்கிற உறுதிச்சீட்டு. அரபியில் அந்தச் சொல்லுக்கு ‘வாக்கு’ன்னு பொருள். பறவைகளுக்கு யாரும் தீங்கு செய்யக் கூடாதுங்கறதுதான் அதோட சாரம். இந்தியாவில் கானுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல். அதுக்கு 174 வருஷம் முன்னாடி, ஒரு கிராமம் போய் எழுத்தில் வாங்கிட்டு வந்திருக்கு. 

பிறகு 1858-ல் அந்த உத்தரவைப் புதுப்பிச்சிருக்காங்க. கம்பெனி ஆட்சி முடிஞ்சு விக்டோரியா ராணி கைக்கு நாடு மாறிய அதே வருஷம். ஆள்றவங்க மாறினாலும் ஊர் தன் காகிதத்தை விடலை. 1936-ல் அது அங்கீகாரம் பெற்ற சரணாலயம் ஆச்சு. 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலய எல்லையா அறிவிச்சாங்க. 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

பிளேஸ் பேரை நீங்க வேற ஒரு இடத்திலும் கேட்டிருக்கலாம். பக்கத்தில் இருக்கிற மதுராந்தகத்தில் ‘ஏரி காத்த ராமர்’ கோயில் இருக்கே, அந்தக் கதையில் வர்ற கலெக்டரும் இவர்தான். பெருமழையில் கரை உடையப் போகுதுன்னு பயந்து போனவருக்கு, வில்லேந்திய ரெண்டு பேர் கரையில் காவல் நிக்கிற காட்சி தெரிஞ்சதுன்னும், கரை தப்பிச்சதும் தாயார் சந்நிதியைக் கட்டிக் கொடுத்தார்னும் ஐதீகம். சந்நிதியில் அவர் பேரோடு கல்வெட்டு இருக்கு. காட்சியை நம்புறதும் நம்பாததும் உங்க விருப்பம். நான் கவனிக்கிறது வேற. அந்தச் சீமையில் சாமி, கலெக்டர், நாரை, விவசாயி எல்லாரும் வந்து சேர்ற இடம் ஏரிக்கரைதான்.

எல்லைக் கோடு எங்கே?

நீங்க டிக்கெட் எடுத்து உள்ளே போனா பார்க்கிற ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். 75 ஏக்கருக்குள்ள அடங்கிடும். அவ்வளவு சின்ன இடத்தில் அவ்வளவு பறவைக்கும் தீனி கிடைக்காது. ஏரி அதுங்களுக்குப் படுக்கையறை, தொட்டில் ரெண்டும். சாப்பாடு வெளியே. நத்தைகுத்தி நாரை வயல்ல நத்தை பொறுக்கும். சங்குவளை நாரை சுற்றுவட்டார ஏரி குளங்களில் மீன் தேடும். காலையில் வெளியே போய், அடைச்சுக்கிட்டு வந்து குஞ்சுக்குக் கக்கிக் கொடுக்கும். வெளியே தின்னதோட எச்சம் மறுபடி ஏரியில் விழும்.

அதாவது, நாரை தினமும் சுற்றுவட்டாரத்திலிருந்து உரத்தைச் சுமந்துக்கிட்டு வந்து ஊர் ஏரியில் கொட்டுது. ஊர் அதுக்குப் பதிலா மரத்தையும் அமைதியையும் கொடுக்குது. கவுல் என்கிற காகிதத்துக்குப் பின்னாடி இந்தக் கொடுக்கல் வாங்கல் இருந்ததாலதான் அது இத்தனை வருஷம் நின்னுச்சுன்னு நான் நினைக்கிறேன்.

5 கிலோமீட்டர் எல்லை ஏன் முக்கியம்னு இப்போ புரியும். 2020-ல் அதை 3 கிலோமீட்டரா சுருக்கலாம்னு அரசுத் தரப்பிலிருந்தே ஒரு யோசனை வந்தது. “ஏரியைத் தொடவே இல்லையே, அப்புறம் என்ன பிரச்சினை?” என்று கேட்டவங்க உண்டு. சூழலியலாளர்களும் பொதுமக்களும் கடுமையா எதிர்த்தாங்க. எல்லை சுருங்கலை. ஆனா அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும். வயல் மனையாகும்போது, வரத்துக் கால்வாய் தூர்ந்து போகும்போது, பூச்சிமருந்தில் நத்தை சாகும்போது ஏரியை யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. பறவை மட்டும் குறையும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. விவசாயி கடைக்குப் போய் யூரியா மூட்டை வாங்கிட்டு வர முடிகிற காலத்தில், நாரை எச்சத்துக்கு 1798-ல் இருந்த மதிப்பு இருக்குமா? பழைய கணக்கு பலவீனமாகும்போது, அந்த இடத்தை நிரப்ப வேண்டியது சட்டமும், உங்களை மாதிரி பார்க்க வர்றவங்களும்தான். நகரத்திலிருந்து போற நம்ம பயணத்துக்கு அந்தப் பொறுப்பும் கொஞ்சம் இருக்கு.

ரெண்டு நாள் திட்டம்

சனிக்கிழமை மதியம் கிளம்புங்க. செங்கல்பட்டு தாண்டி படாளத்தில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பணும். நாலு மணிக்குள்ள ஏரிக்கரையில் இருங்க. மதியம் போய் “ஒண்ணுமே இல்லையே” என்று சலிச்சுக்கிறவங்க நிறைய. வெளியே போன பறவைகள் கூட்டம் கூட்டமா வீடு திரும்புறது சாயங்காலம்தான். காவல் கோபுரத்தில் ஏறினதும் முதல் பத்து நிமிஷம் மரத்தைப் பார்க்காதீங்க. திரும்பி, வெளியே இருக்கிற வயலைப் பாருங்க. பறவை எந்தத் திசையிலிருந்து வருதுன்னு குறிச்சுக்கோங்க. சரணாலயத்தோட உண்மையான அளவு அப்போதான் பிடிபடும்.

ராத்திரி மதுராந்தகத்திலோ செங்கல்பட்டிலோ தங்கிக்கலாம். ஞாயிறு விடியும்போது கரிக்கிலி. வேடந்தாங்கலிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். அதுவும் சரணாலயம்தான், அதுவும் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கூட்டம் குறைவு. திறந்த நீர்ப்பரப்பு இருக்கிறதால வாத்துகளைப் பார்க்க அது நல்ல இடம். ஒன்பது மணிக்கு மேல வெயில் ஏறிடும். அப்படியே மதுராந்தகம் வந்து, நடை சாத்துறதுக்கு முன்னாடி ராமர் கோயில் போய் பிளேஸ் கல்வெட்டைப் பார்த்துட்டு, பெரிய ஏரிக்கரையில் கொஞ்சம் நடங்க.

கையில் 8x42 பைனாகுலர் இருந்தா போதும், இரவல் வாங்கினாலும் சரி. மங்கலான நிறத்தில் சட்டை. புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம், டிரோன் வேண்டவே வேண்டாம். கூட்டிலிருந்து தாய்ப்பறவை பதறி எழுந்தா, காக்காய்க்கு முட்டையும் குஞ்சும் விருந்து. டீ, இளநீர், சாப்பாடு எல்லாம் அந்த ஊர்லயே வாங்குங்க. இருநூறு வருஷமா காவல் காத்த ஊருக்குப் பறவையால நாலு காசு வர்றது நியாயம்தானே?

கடைசியா ஒண்ணு. வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி, இந்த வருஷம் ஏரியில் தண்ணி எவ்வளவு இருக்குன்னு அங்கே யாரையாவது கேட்டுக்கோங்க. மழை சரியில்லாத வருஷம்னா தேதியை முன்னாடி தள்ளி ஜனவரியிலேயே போயிடுங்க. போயிட்டு வந்து, எந்தத் திசையிலிருந்து எந்தப் பறவை வந்துச்சுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.