ஹீற்றர் போடாத கார்

நண்பர் திறப்பைத் திருகினார். ஒரு சத்தமும் இல்லை. பற்றரி செத்துப்போச்சாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கவே கார் உருளத் தொடங்கிவிட்டது. ரயருக்குக் கீழே பனி நொறுங்குவது மட்டும் கேட்டது.

2006 தை மாதம். ஒஸ்லோவின் குறூருட் பள்ளத்தாக்கு. உறைநிலைக்குக் கீழே பதினைந்து பாகை. அவர் நகரத்தில் ஒரு உணவகச் சமையலறைக்கு வேலைக்குப் போகிறார், நான் தொற்றிக்கொண்டவன். தோளோடு தோள் முட்டும் அளவுக்குச் சின்னக் கார். என் மூச்சு கண்ணாடியில் படிந்து உறைந்தது. ஹீற்றரின் பக்கம் கையை நீட்டினேன்.

"அதிலை கை வையாதையும். பின்னேரம் வீட்டை வந்து சேரவேணும்."

பெற்றோல் காருக்குச் சூடு இலவசம். எஞ்சின் வீணாக்கும் வெப்பம்தான் அது. மின்சாரக் காரிலோ சில்லைச் சுழற்றும் அதே பற்றரியே ஆளையும் சூடாக்கவேண்டும். குளிரில் ஈயப் பற்றரி கொடுப்பதும் குறைந்துவிடும். ஆகவே அவர் கண் பாதி தெருவில், பாதி ஊசியில். பள்ளத்தில் காலை எடுத்தால் மோட்டாரே காரை இழுத்துப் பிடித்துப் பற்றரிக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். பச்சை விழுந்ததும் முதல் சில மீற்றர்களுக்கு நாங்கள்தான் முன்னே. மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையையும் தரும், கியர் மாற்றும் வேலையில்லை. பிறகு எல்லாரும் எங்களை முந்திப் போனார்கள்.

நகரம் நெருங்க நெரிசல். இடப்பக்கம் பெரிய கார்கள் வரிசையில் நிற்க, நாங்கள் பஸ் பாதையால் போனோம். நண்பர் அன்று சிரித்த ஒரே இடம் அதுதான்.

இந்த வழி சும்மா திறக்கவில்லை. 1989இல் பெலோனா என்ற சுற்றாடல் அமைப்பின் பிரெடரிக் ஹௌகெயும், ஆ-ஹா இசைக்குழுவின் பாடகர் மோர்ட்டன் ஹார்க்கெட்டும் மின்சாரத்துக்கு மாற்றப்பட்ட ஒரு ஃபியற் பண்டாவைச் சுவிற்சர்லாந்திலிருந்து கொண்டுவந்தார்கள். 1990இல் ஒஸ்லோவைச் சுற்றிச் சுங்கச் சாவடிகள் வந்தன. இவர்கள் காசு கட்டாமலே ஓடினார்கள். கார் பறிமுதலாகி ஏலத்துக்கு வந்தது. தாங்களே ஏலத்தில் எடுத்து மறுபடி ஓடினார்கள். (எங்கள் ஆள் ஒருவர் இப்படிச் செய்திருந்தால் பத்திரிகைகள் வேறு தலைப்புப் போட்டிருக்கும்.)

அரசு இறங்கிவந்தது. 1990இல் தற்காலிகமாக நீக்கிய கொள்வனவு வரியை 1996இல் நிரந்தரமாக நீக்கியது. 1997இல் சுங்கம், 2001இல் பெறுமதிசேர் வரி, 2005இல் நாடெங்கும் பஸ் பாதை. சுற்றாடல் மட்டும் காரணமல்ல. உள்ளூரில் ஒரு கார்த் தொழில் முளைக்கும் என்ற ஆசையும் இருந்தது. 1991இல் தொடங்கிய பிவ்கோ நிறுவனத்தின் கார்கள் 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்கில் ஓடின. பிறகு அதுவே திங்க் ஆனது: பெயின்ற் அடிக்காத பிளாஸ்ரிக் உடல், ஒஸ்லோவுக்குக் கிழக்கே ஔர்ஸ்கொக்கில் தொழிற்சாலை. 1999இல் ஃபோர்ட் வாங்கியது, சில வருடங்களில் கைவிட்டது. 2011இல் திங்க் முறிந்தது. டென்மார்க்கில் பிறந்து ஒஸ்லோவுக்கு வந்த கேவெற், 2005இல் பட்டி என்று பெயர் மாறியது. இரண்டரை மீற்றருக்கும் குறைந்த நீளத்தில் மூன்று பேர் ஒரே வரிசையில் இருக்கலாம். அதுவும் நிலைக்கவில்லை.

சட்டம் மட்டும் மிஞ்சியது. சின்னக் கார்களுக்காகத் திறந்த வழியால் இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட கார்கள் நுழைந்தன. 2013 செப்ரெம்பரில் நோர்வேயில் ஆகக்கூடுதலாக விற்ற கார் ரெஸ்லாவின் மொடல் எஸ். அப்போது விலை கூடக்கூட வரிவிலக்கின் லாபமும் கூடியது; முதலில் குளிரில் நடுங்கியவர்களுக்கு அந்த லாபம் மிகக் கொஞ்சம். பஸ் பாதையும் நிறைந்தது. 2015இல் ஒஸ்லோவின் மேற்குப் பெருந்தெருவில் நெரிசல் நேரத்தில் தனியாக வரும் மின்சாரக் காருக்குத் தடை வந்தது. 2019இல் ஒஸ்லோவில் சுங்கமும் வந்தது. 2024இல் நோர்வேயில் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது அளவு மின்சாரக் கார்கள்.

நண்பரிடமும் இப்போது பெரியதொன்று நிற்கிறது. போன மாரியில் ஏறினேன். இருக்கையே சுட்டது. கையுறையைக் கழற்றாமல், கண்ணை ஊசி இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு ஓட்டினார்.